எல்லாரும் ஊசி போடுகிறார்கள் என்றால் அனுமதித்துவிட்டால்தான் என்ன?

நடுவரிசைக்காரன் (கேள்வி):
1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தை நேற்று மறுபடி பார்த்தேன். பென் ஜான்சன் 9.79 நொடியில் முடிக்கிறார், கோட்டைத் தொடும் முன்பே ஒரு கை மேலே போய்விடுகிறது. மூன்றாம் நாள் ஸ்டானசோலால் என்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டு எடுத்திருக்கிறார் என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கி கார்ல் லூயிஸிடம் கொடுத்தார்கள். அந்த ஓட்டத்தில் ஓடிய வேறு சிலரும் பிற்பாடு ஊக்கமருந்து விவகாரங்களில் சிக்கினார்கள். எனக்குப் புரியாதது இதுதான்: மாட்டியவன் திருடன், மாட்டாதவன் சாம்பியன் என்று எத்தனை நாள் நடிப்பது? டாக்டர் கண்காணிப்பில், இவ்வளவுதான் டோஸ் என்று வரம்பு கட்டி அனுமதித்துவிட்டால் கணக்கு நேராகிவிடாதா?

ஈட்டி:
வேண்டியவன் எடுப்பான், வேண்டாதவன் விட்டுவிடுவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி நடக்காது. 1996இல் வந்த ஓர் ஆய்வில் சாதாரண ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன், 10 வாரம் போட்டார்கள். உடற்பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 3 கிலோ ஏறியது, வெற்று ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காக எடை தூக்கியவர்களுக்கு சுமார் 2 கிலோதான். சும்மா உட்கார்ந்தவன் உழைத்தவனைத் தாண்டிவிட்டான் என்றால், வேண்டாம் என்று நிற்பவனுக்குக் களத்தில் என்ன இடம்?

அப்புறம் டாக்டர் கண்காணிப்பு. அதைக் கிழக்கு ஜெர்மனி செய்து பார்த்துவிட்டது, அதுவும் அரசாங்கமே முன்நின்று. டோஸெல்லாம் எழுதி வைத்துத்தான் கொடுத்தார்கள், ஓரல்-டுரினபால் என்ற நீல ஸ்டீராய்டு மாத்திரை. பதின்ம வயதுப் பெண்களிடம் வைட்டமின் என்று சொன்னார்கள். குரல் கட்டையானது, பலருக்கு அது திரும்பவே இல்லை. கண்காணித்த டாக்டர் யாருக்காக வேலை பார்த்தார் என்பதுதான் கேள்வி.

குறுக்குசால்:
ஈட்டி சொல்வது சரி, ஆனால் தடை மட்டும் என்ன கிழித்தது? லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் எத்தனையோ சோதனைகளைத் தாண்டி 7 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்களை வைத்திருந்தார். 2012இல் அதையெல்லாம் இழந்தது கூட ஓட்டியவர்கள் வாய் திறந்ததால். 2003இல் டிஎச்ஜி என்ற மருந்து வெளியே வந்ததும் ஒரு பயிற்சியாளர் அதைப் பயன்படுத்திய ஊசியை அனுப்பி வைத்ததால்தான். அதுவரை அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. ஆக சோதனை பிடித்ததைவிட ஆள் போட்டுக்கொடுத்ததுதான் வேலை செய்திருக்கிறது. இன்னொன்று, ஆக்சிஜன் குறைந்த கூடாரத்தில் படுத்துத் தூங்கி ரத்தச் சிவப்பணுவைக் கூட்டிக்கொண்டால் சரி, அதையே இபிஓ ஊசியால் கூட்டினால் குற்றமா? இந்தக் கோட்டை எங்கே வைத்துப் போட்டார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய இரும்பு:
நான் போட்டிக்கெல்லாம் போனவன் இல்லை. 24 வயதில் ஜிம் மாஸ்டர் பேச்சைக் கேட்டு 12 வாரம் ஸ்டீராய்டு ஊசி போட்டேன். எண்ணெய் மருந்து, கெட்டியாக இருக்கும், குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினால்தான் சிரிஞ்சில் ஏறும். போட்ட பக்கம் இரண்டு நாள் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். ஐந்தாவது வாரம் சட்டை தோளில் பிடித்தது, பொய் சொல்லக் கூடாது, அந்த சந்தோஷம் பெரியது. முதுகு முழுக்கப் பரு வந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

நிறுத்திய பிறகுதான் ஆரம்பித்தது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவே மனம் வராது, ஒன்றிலும் பிடிப்பு இல்லை, விந்தணு எண்ணிக்கை பழையபடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "இன்னொரு சைக்கிள் போடு, சரியாகிவிடும்" என்றார். சைக்கிள் என்றால் இன்னொரு சுற்று ஊசி.

மருந்துப்பெட்டி:
நடுவில் ஒரு விஷயம். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, அது கார்ட்டிசோல் வகை. தசையை வளர்க்காது, மாத்திரையாக நீண்ட நாள் எடுத்தால் கரைக்கவே செய்யும். இந்தத் திரியைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்தித் தொலைக்காதீர்கள்.

நடுவரிசைக்காரன்:
சரி, டாக்டர் கண்காணிப்பு என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழைய இரும்பு, எழுதியதற்கு நன்றி. ஆனால் குறுக்குசால் கேட்ட கூடாரக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. டோஸுக்கு ஒரு வரம்பு வைத்தால் என்ன ஆகும்?

ஈட்டி:
கோடு கொஞ்சம் கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். கூடாரத்தில் எவ்வளவு தூங்கினாலும் உடம்பு ஒரு அளவோடு நின்றுகொள்ளும், ஊசிக்கு அந்த நிறுத்தம் கிடையாது, ரத்தம் குழம்பாகும் வரை ஏற்றலாம் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்த வித்தியாசம்.

வரம்பு என்ன ஆகும் என்பதற்கு சைக்கிள் பந்தயமே சாட்சி. இபிஓவுக்கு அப்போது சோதனை இல்லை, அதனால் 1997இல் ரத்தத்தில் சிவப்பணு பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக் கூடாது என்று விதி வைத்தார்கள், உயிர் போகாமல் இருக்கட்டும் என்று. அதுவரை 44இல் நிம்மதியாக இருந்தவனுக்கும் இன்னும் 6 இடம் காலி என்று அதிலிருந்து தெரிந்துபோனது. ரத்தத்தைச் சுழற்றிப் பார்க்கும் சின்ன இயந்திரத்தை ஹோட்டல் அறையிலேயே வைத்துக்கொண்டு, 49க்கு வரும்வரை ஏற்றினார்கள்.