தென்துருவத்தில் தம்பி: விமானம் வரப்போகிற நேரத்தில் ஏன் இப்படி?

மாங்குளத்து அக்கா:
என் தம்பி பத்து வயதில் அமெரிக்கா போனவன். இந்த முறை தென்துருவத்து அமெரிக்க ஆய்வு நிலையமான அமுண்ட்சன்-ஸ்காட்டில் குளிர்காலம் முழுக்க வேலை. பெப்ரவரி நடுவில் கடைசி விமானம் போனபிறகு 40 பேர் அளவில்தான் அங்கே. மார்ச்சில் மறைந்த சூரியன் இப்போதுதான் எழுந்திருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் விமானம் வரும். துள்ளுவான் என்று பார்த்தால், சாட்டிலைட் கிடைக்கிற அந்தச் சில மணி நேரத்திலும் பாதி வசனத்தில் நின்றுவிடுகிறான், "புது ஆட்கள் வராவிட்டால் நல்லது" என்கிறான். அம்மா அழுகிறா. இது ஏதும் நோயா?

வவுனியா வாசி:
பயப்படாதீங்கோ அக்கா, அங்கே குளிர்காலம் கழித்த பலருக்கும் இது வரும். ஆறு மாத இருட்டு, 2,835 மீற்றர் உயரத்தில் மெல்லிய காற்று, அதோடு கடுங்குளிரில் தைரொயிட் சுரப்பின் அளவும் மாறும். மறதி, எரிச்சல், சொல் தடுமாறுதல் எல்லாம் அதனால் வரலாம். வருகிறவர்கள் தடிமன் காய்ச்சலையும் கொண்டு வருவார்கள், மாதக்கணக்காகக் கிருமி காணாத உடம்பு உடனே படுத்துவிடும். நிலையத்தில் வைத்தியர் இருக்கிறார், நித்திரையே இல்லை என்றால் அவரிடம் போகச் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டு:
போருக்குள் நாங்கள் அடைபட்டுக் கிடந்ததும் இதுவும் ஒன்றல்ல, அவர் விரும்பிப் போனவர். ஆனாலும் சொல்கிறேன். 2002-இல், போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்தபோது எனக்கு 14 வயது. மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்த வீடு எங்களுடையது. கொழும்பிலிருந்து மாமா ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து இறங்கினார், நான் ஓடிப்போய்க் கிணற்றடியில் ஒளிந்துகொண்டேன். வெறுப்பில்லை. "எப்படி இருந்தீர்கள்" என்று எல்லோரும் கேட்டார்கள், அதற்கு எங்கே தொடங்குவது? அம்மம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு ஆப்பிளை வெட்டிக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தா. தம்பியிடம் கேள்வி கேட்காதீங்கோ அக்கா, ஊர்க்கதை சொல்லுங்கோ.

வவுனியா வாசி:
ஓம், அதுதான் சரி. வெளியே வருகிறவர்கள் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் முதலில் மண் வாசத்திலும் புல் வாசத்திலும் நின்றுவிடுவார்களாம். பனியில் மணமே இல்லையே.

மாங்குளத்து அக்கா:
தம்பி நேற்று கோல் எடுத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, காலபோகத்துக்கு, மாரி மழை நெல்லுக்கு, உழுத கதையைச் சொன்னேன். கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, முதல் மழை பெய்திட்டுதா?" என்றான்.