கார்டு வாங்கவா, கிளவுடை நம்பவா?

பாளை அப்பா:
பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். அவன் பிசியில கேம் படம் காட்டுற 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன் சுத்த ஆரம்பிச்சா மாவு மில்லு மாதிரி கத்துது. கடையில புதுசுக்கு 32 ஆயிரம் சொல்றாங்க. இவன் என்னடான்னா, "கார்டே வேண்டாம்ப்பா, கிளவுட்ல ஆடலாம், கேம் எங்கேயோ சர்வர்ல ஓடும், நமக்குப் படம் மட்டும் வரும், மாசச் சந்தா போதும்"ங்கான். கேக்க நல்லாத்தான் இருக்கு. நாலஞ்சு வருஷம் நிலைக்குமா? கூகுளே இதைத் தொடங்கி மூடிட்டாங்கன்னு படிச்சேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஸ்காபரோ அண்ணை:
கூகுள் மூடின அந்த ஸ்டேடியாவை நான் வைச்சிருந்தனான். 2019 நவம்பரில வந்தது, 2023 ஜனவரி 18இல பூட்டினவை. காசு விசயத்தில குறை சொல்ல ஏலாது. வாங்கின கேம், கன்ட்ரோலர் எல்லாத்துக்கும் திருப்பித் தந்தவை, மாசச் சந்தா மட்டும்தான் போனது. கன்ட்ரோலரையும் புளூடூத்துக்கு மாத்திவிட்டவை, மகன் இப்பவும் அதாலதான் விளையாடுறான். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து ஃபிஃபா ஃபுட்போல் கேமில கட்டின என்ர டீம்? அது காசில்லையே, ஆர் திருப்பித் தாறது.

இன்னொண்டு. ரவுட்டர் குசினிக்குப் பக்கத்தில இருந்தது. மனுசி மைக்ரோவேவில சோறு சூடாக்கினால் சரி, படம் கட்டம் கட்டமாச் சிதறும். ஒருக்கா பெனால்டி அடிக்கப் போறன், படம் தெளியேக்க பந்து கீப்பர் கையில. கோபம் கூகுளில, பிழை குசினியில. டிவிப் பெட்டிக்கு வயர் இழுத்த பிறகுதான் நிம்மதி.

ஒயர்மேன்:
அண்ணன் சொன்ன வயர்தான் பாதி விஷயம். மீதி தூரம். ஃபைபர்ல வெளிச்சம் ஒரு மில்லி செகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் மும்பையில இருக்குன்னு வெச்சுக்கோங்க. திருநெல்வேலிலேர்ந்து நேர்கோட்டுலயே சுமார் 1,250 கிலோமீட்டர், பட்டன் அழுத்தி பதில் வர 12, 13 மில்லி செகண்ட். நிஜத்துல கேபிள் ஊரெல்லாம் சுத்திப் போகும், அதுக்கு மேல படத்தைச் சுருக்கணும், விரிக்கணும். செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடற கேம்ல ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட்தான். கதை கேம், கார் ரேஸ் பரவாயில்ல. தம்பி சுடற கேம் ஆடுவான்னா முதல்ல சாகறது அவன்தான் :)

டேட்டாவையும் பாருங்க சார். 25 எம்பிபிஎஸ்ல ஓடினா மணிக்கு 11 ஜிபி. தினம் ரெண்டு மணி நேரம்னா மாசம் 675 ஜிபி. உங்க பிளான்ல எத்தனை ஜிபிக்கு மேல வேகத்தைக் குறைக்கிறாங்கன்னு கேளுங்க.

நிலைக்குமான்னா, தொழில் நிலைக்கும். ஆனா கம்பெனி நிலைக்கும்னு சொல்ல மாட்டேன். 2010லயே ஆன்லைவ்னு ஒரு கிளவுட் கேம் சேவை வந்துச்சு, 2015ல போச்சு, அதோட பேட்டன்ட்டை சோனி வாங்கிச்சு. 2023ல மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன்ங்கிற கேம் கம்பெனியை வாங்கறப்ப பிரிட்டன் தடுத்ததே கிளவுட் கேமுக்காகத்தான். கடைசில அந்த கேம்களோட கிளவுட் உரிமையை 15 வருஷத்துக்கு யூபிசாஃப்ட்ங்கிற இன்னொரு கேம் கம்பெனிக்குக் கொடுத்துத்தான் முடிச்சாங்க. பெரிய தலைங்க சும்மா அடிச்சுக்க மாட்டாங்க. ஆனா ஸ்டீம் மாதிரி ஆன்லைன் கேம் கடையில நாம வாங்கி வெச்ச கேமையே ஓட்டித் தர்ற ஜிஃபோர்ஸ் நவ் மாதிரி சேவைன்னா, அது மூடினாலும் கேம் நம்மகிட்டயே இருக்கும். அந்த மாதிரி பாருங்க.

பாளை அப்பா:
ரெண்டு பேருக்கும் நன்றி. எங்க வீட்லயும் ரவுட்டர் அடுப்படிச் சுவத்துலதான் தொங்குது. 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கிட்டு வந்துட்டேன், ஒரு மாசம் சந்தா கட்டிப் பாக்கலாம்னு. 32 ஆயிரத்தை அதுவரைக்கும் எடுக்கல. பையன்கிட்ட கார்டு கேன்சல்னு மட்டும் சொல்லிராதீங்க, இந்தத் திரெட்டை அவனும் படிக்கான்.