மருந்துவாழ்மலைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே ஷூ போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை நாகர்கோவில் - கன்னியாகுமரி ரோட்டுல 16 கி.மீ., ஞாயிறு விடிகாலை மருந்துவாழ்மலை. இதுதான் நம்ம வாராந்திர ஓட்டம். ரோடு ஷூ ஈரப்பாறையில வழுக்குது. அடியில 5 மி.மீ. பல் உள்ள டிரெயில் ஷூ (மண், மலைப் பாதையில ஓடுறதுக்கான ஷூ) ரப்பர் தோட்டத்துச் சகதியில நல்லா பிடிக்கும். ஆனா பாறையில பல் நுனி மட்டும்தான் படும், தார்ல சீக்கிரம் தேஞ்சிரும்.

அதனால 3 முதல் 4 மி.மீ. பல், மென்மையான ரப்பர், 6 மி.மீ. டிராப் (குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்), விரல் பக்கம் அகலம். இப்படி ஒரு மாடல்ல ஓடிப் பார்த்தவங்க சொல்லுங்க. எத்தனை கி.மீ. தாங்கிச்சு? இறக்கத்துல பெருவிரல் நகம் இடிக்குதா? (கடைசி ஓட்டையில லேஸைப் பூட்டிக் கட்டினா ஓரளவு குறையும், அது தெரியும்.) விலை 8,000 ரூபாய்க்குள்ள. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் போட்டுப் பார்த்து வாங்குற கடை இருந்தா இன்னும் நல்லது. ஆன்லைன்ல அரை சைஸ் தப்பினா திருப்பி அனுப்புறதே பெரிய வேலை.