அப்பா பேசிய மதிய வேளை

விடுமுறைக்கு நகரத்துக்குப் போன முதல் நாள். மதியம் ஒரு மணிக்கு, கூட்டம் நெரியும் நேரத்தில், பார்க்க அழகாக இருந்த ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்துவிட்டோம். சுவரெல்லாம் கண்ணாடி, தரை முழுக்க டைல்ஸ், எங்கள் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். சாப்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா காது கேட்கும் கருவி வைத்திருப்பவர். எட்டு வயது மகள் அவரிடம், "தாத்தா, நீங்க முதன்முதலா பார்த்த சிட்டி எது?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றார். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. மெனு கார்டில் இருந்த படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கருவி பொருத்திய அன்றே செவித்திறன் நிபுணர் பொறுமையாக விளக்கியிருந்தார். வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். ச, த, ப மாதிரியான மெய்யொலிகள் மங்கிவிடும், உயிரொலிகள் ஓரளவு தங்கும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. கருவியோ வேண்டிய பேச்சோடு சேர்த்துப் பக்கத்து மேசை இரைச்சலையும் கூட்டித் தரும். இரைச்சலில் நாம் எல்லோரும் நம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவோம். இதை 1911லேயே எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு மேசை சத்தம் போட, அடுத்த மேசை அதைவிடச் சத்தம் போட, அறை முழுவதும் அப்படியே ஏறிக்கொண்டு போகும். இதெல்லாம் தெரிந்திருந்தும் அப்பாவை அந்த ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார வைத்தது நான்தான்.

மறுநாள் வேறு இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்தேன். சமையலறை எத்தனை மணி வரை இருக்கும், மூலை மேசை கிடைக்குமா, பாட்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். மூன்றுக்கும் நல்ல பதிலாகவே சொன்னார்கள். இரண்டரைக்குப் போனபோது பாதி மேசைகள் காலி. திரைச்சீலையும் மேசைவிரிப்பும் இருந்ததால் எதிரொலி இல்லை. ஜன்னல் வெளிச்சம் எங்கள் முகத்தில் விழுகிற மாதிரி அப்பாவை எதிரே உட்கார வைத்தோம். உதட்டசைவு தெரிந்தாலே அவருக்குப் பாதிப் பேச்சு புரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் செய்தோம்.

மகளை மறுபடி கேட்கச் சொன்னேன். கேட்டாள்.

அப்பா ஸ்பூனை எடுத்து மேசைவிரிப்பின் மேல் நீளவாக்கில் வைத்தார். "இது தண்டவாளம்." தண்ணீர் டம்ளரை நகர்த்தி, "இது ஸ்டேஷன்." உப்புக் குப்பியைத் தள்ளி வைத்து, "இங்கதான் நான் தங்கியிருந்த ரூம். அப்போ எனக்குப் பத்தொன்பது வயசு." வேலை தேடி வந்தது, வழி தவறி இதே தண்டவாளத்தை மூன்று தடவை தாண்டியது, அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எல்லாம் வந்தது. மகள் மிளகுக் குப்பியை எடுத்து, "இது நீங்க, தாத்தா" என்று தெருத்தெருவாக நடக்கவிட்டாள். "இத்தனை வருஷத்துல என்கிட்டகூட இதைச் சொன்னதில்லையே" என்றார் அம்மா.

தட்டுகளை எடுக்க வந்த சர்வர் தம்பி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஸ்பூனையும் குப்பிகளையும் தொடாமல், மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தம்பியை நான் மறக்கமாட்டேன். நாங்கள் எழுந்தபோது மணி ஐந்தாகப் போகிறது.

வீட்டில் காது கேட்கும் கருவி வைத்த பெரியவர் இருந்தால், மெனுவை விசாரிக்கும் முன் சத்தத்தை விசாரியுங்கள். போன் செய்து கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த நாள் காலை, நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அப்பா கருவிக்குப் புது பேட்டரி போட்டுவிட்டு வந்து கேட்டார்: "இன்னிக்கும் அந்த இரண்டரை மணிக்குத்தானே போறோம்?"