இக்சி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் ஏற்றிக் கருவாக்குவது) ஒரு தடவை தோற்றுவிட்டது, அடுத்த தடவை விந்தணுவைத் 'தேர்ந்தெடுக்க' தனிக் காசு கேட்கிறார்கள். கட்டலாமா?

குடந்தைவாசி:
எனக்கு விந்தணு எண்ணிக்கையும் குறைவு, அசைவும் குறைவு. திருச்சியில் ஒரு சென்டரில் இக்சி செய்தோம், கரு வைத்தும் தங்கவில்லை. அடுத்த சைக்கிளுக்கு மைக்ரோஃப்ளூயிடிக் சிப் வைத்து அணுவைப் பிரிக்கலாம், இல்லாவிட்டால் பிக்ஸி செய்யலாம், இரண்டுக்குமே பேக்கேஜுக்கு வெளியே தனிக் கட்டணம் என்கிறார்கள். மனைவிக்கு 36 வயது. குறுவை விற்ற காசு கையில் இருக்கிறது, அதுவும் போனால் அடுத்து நகைதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோயில், பரிகாரம் வேண்டாம், திருக்கருகாவூர் நெய் ஒரு மண்டலம் இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று.

மன்னை_கணக்கு_வாத்தியார்:
கட்டாதீர்கள் தம்பி. பிக்ஸி என்பது ஹையலூரோனன் என்ற பொருளைத் தடவிய தட்டில் அணுவை விட்டு, அதில் ஒட்டிக்கொள்வதை மட்டும் எடுப்பது. முதிர்ந்த அணுதான் ஒட்டும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. பிரிட்டனில் 2,700-க்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்துச் சோதித்து 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். பிக்ஸி செய்தவர்களில் நிறைமாதக் குழந்தை பெற்றவர்கள் 27.4 சதவீதம், சாதாரண இக்சியில் 25.2 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, பலன் நிரூபணமாகவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023-ல் இந்த மாதிரி கூடுதல் சமாச்சாரங்களையெல்லாம் பார்த்துவிட்டு, பிக்ஸி, சிப், காந்த மணி வைத்துப் பிரிக்கும் மேக்ஸ், ஆறாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் இம்சி, எதையுமே எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. அப்புறம் எதற்குக் காசு?

லேப்காரி_திருச்சி:
வாத்தியார் சார் பாதியை மட்டும் சொல்கிறார். அதே ஆய்வில் கரு கலைந்தது சாதாரண இக்சியில் 7 சதவீதம், பிக்ஸியில் 4.3 சதவீதம். வயது கூடிய பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெரிகிறது என்று அதே குழு பின்னாளில் எழுதியது. நான் எம்ப்ரியாலஜிஸ்ட், கரு உருவாக்கும் லேபில் தினமும் இதே வேலை. இக்சியில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நினைக்கிறீர்கள்? நானூறு மடங்கில் பார்த்து, வடிவமாக நீந்தும் ஒன்றைப் பிடித்து, வாலைத் தட்டி நிறுத்தி, முட்டைக்குள் ஏற்றுகிறோம். அதுவும் தேர்வுதான், கண்ணை நம்பிய தேர்வு. அணுவின் தலைக்குள் டிஎன்ஏ உடைந்திருந்தால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. சிப்பில் மைக்ரான் கணக்கில் துளையுள்ள சவ்வைத் தாண்டி நீந்தி வருவதைத்தான் எடுக்கிறோம், சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றுவது இல்லை. அப்படி வருவதில் உடைசல் குறைவாக இருப்பதை லேபில் அளந்தே காட்டலாம்.

மன்னை_கணக்கு_வாத்தியார்:
லேபில் காட்டலாம், சரி. தொட்டிலில் காட்டியிருக்கிறார்களா? உடைசல் குறைந்தது என்பதும் குழந்தை பிறந்தது என்பதும் ஒன்றா அம்மா? கலைதல் கணக்கு அந்த ஆய்வின் முக்கியக் கேள்வியே இல்லை, பக்கத்தில் பார்த்த கேள்வி. அதை வைத்துக்கொண்டு காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

நீடா_சம்பா:
நம் ஊரில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, முட்டை மிதக்கிற பதம் பார்த்து, பதரை வழித்துவிட்டுக் கீழே தங்குவதைத்தானே விதைக்கிறோம். அதே மாதிரிதானே இது? அதற்குப் போய் ஏன் சண்டை?

மன்னை_கணக்கு_வாத்தியார்:
அண்ணே, உப்புக்கு யாரும் ஆயிரக்கணக்கில் பில் போடுவதில்லை.

தஞ்சை_ராதா:
நான் வேறு ஒன்று கேட்கிறேன். இவ்வளவு பேசினீர்களே, குடந்தைவாசி தம்பியை ஒரு டாக்டராவது கையால் தொட்டுப் பரிசோதித்தாரா? என் கணவர் விஷயத்தில் யாருமே செய்யவில்லை. டப்பாவில் மாதிரி கொடு, ரிப்போர்ட் வாங்கு, நேரே இக்சி. ஊசி முழுக்க எனக்கு, 'விசேஷம் ஏதும் உண்டா' என்ற கேள்வியும் எனக்கு, குறை அவருடைய ரிப்போர்ட்டில். கடைசியில் ஒரு யூராலஜி டாக்டர் நிற்க வைத்துப் பார்த்து வேரிகோசீல் என்றார். விதைப்பையில் ரத்த நாளம் புடைத்துக்கொள்வது. குழந்தையில்லாமல் டாக்டரிடம் வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இது இருக்கிறதாம். அணுவைப் பொறுக்க இத்தனை மிஷின் கண்டுபிடித்தவர்களுக்கு, அணு வருகிற ஆளைப் பார்க்க ஐந்து நிமிஷம் இல்லை.

குடந்தைவாசி:
இல்லை அக்கா, யாரும் பார்க்கவில்லை. டிஎஃப்ஐ என்ற டிஎன்ஏ உடைசல் டெஸ்டும் எடுக்கவில்லை. எடுக்காமலேயே சிப் வையுங்கள் என்கிறார்கள். சரியான வடிவமுள்ள அணு 3 சதவீதம்தான் என்று ரிப்போர்ட்டில் சிவப்பில் அச்சடித்திருந்தது, அதைப் பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லை.

லேப்காரி_திருச்சி:
வடிவத்துக்குப் பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே 4 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கோணலாக இருந்தாலும் அந்த எல்லைக்குள்தான். மில்லிக்கு 16 மில்லியன் அணு, மொத்த அசைவு 42 சதவீதம், இவையும் கீழ் எல்லைதான். அதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ராதா அக்கா சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆனால் வேரிகோசீலுக்கு ஆபரேஷன் செய்தால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரு அணு உருவாகவே இரண்டரை மாதம். முட்டையின் வயது காத்திருக்காது. 40 வயதுப் பெண்ணிடம் 'முதலில் உன் வீட்டுக்காரரைச் சரி செய்துவிட்டு வா' என்று நான் சொல்ல முடியுமா? அப்போது இருக்கிற அணுவில் நல்லதை எடுக்கத்தான் பார்ப்பேன்.

தஞ்சை_ராதா:
40 வயதுக்குச் சொல்ல வேண்டாம். 36-க்கு? முட்டைக் கையிருப்பு நன்றாக இருந்தால்?

அதிரை_வளைகுடா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அணுவைப் பிரிக்கிறார்களே, அதில் ஆண் குழந்தைக்கான அணுவை மட்டும் பிரிக்க முடியுமா? எனக்கு இரண்டும் பெண்.

லேப்காரி_திருச்சி:
இந்த முறைகளால் முடியாது, கேட்கவும் கூடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தை 2003-ல் திருத்தியபோதே கருவுக்கு முந்தைய பாலினத் தேர்வையும் தடை செய்தாயிற்று. 2021-ன் உதவி இனப்பெருக்கச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. யாராவது செய்து தருகிறேன் என்றால் அந்த வாசலை மிதிக்காதீர்கள். இங்கே பேசுவது ஆரோக்கியமான அணுவைப் பற்றி, ஆணா பெண்ணா என்பது பற்றி அல்ல.

நீடா_சம்பா:
இதெல்லாம் வயலில் அடிக்கிற மருந்தால் வந்த வினை. எங்கள் தாத்தா காலத்தில் இத்தனை சென்டரா இருந்தது?

மன்னை_கணக்கு_வாத்தியார்:
பாதி உண்மை அண்ணே. டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த தொழிலாளிகள் பலருக்கு அணு குறைந்ததும், சிலருக்கு அணுவே இல்லாமல் போனதும் 1977-ல் கலிஃபோர்னியாவில் தெரிந்தது. அதற்காக இன்று நாம் அடிப்பதெல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. முகத்தில் துணி கட்டாமல், கையுறை போடாமல் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, தம்பி ஜிம்முக்குப் போகிறவரா? டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் மூளை 'வெளியிலிருந்தே வருகிறது' என்று நினைத்து விதைப்பைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும், அணு சுத்தமாக நின்றே போகலாம். ஆண்மைக்கு என்று போட்டுக்கொள்வது குழந்தைக்கு எமன்.

குடந்தைவாசி:
ஜிம் எல்லாம் இல்லை சார். சுகர் இருக்கிறது, சிகரெட் உண்டு.

மன்னை_கணக்கு_வாத்தியார்:
அதை முதலில் எழுத வேண்டாமா! சிப்புக்குக் கட்டுகிற காசில் ஒரு பைசா செலவில்லாத வேலை அது, சிகரெட்டை விடுவது.

லேப்காரி_திருச்சி:
சுகர், சிகரெட் இரண்டுமே டிஎன்ஏ உடைசலைக் கூட்டக்கூடியவை. இங்கே வாத்தியார் சாரோடு ஒத்துப்போகிறேன், ஆனால் சிப் வேண்டவே வேண்டாம் என்பதற்கு இல்லை. முதலில் டிஎஃப்ஐ எடுங்கள். குறைவாக இருந்தால் சிப்புக்குக் கட்ட நானே சொல்ல மாட்டேன். 30 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பேசலாம். மாதிரி கொடுக்கும் முன்னால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி போதும், வாரக் கணக்கில் தேக்கி வைத்தால் உடைந்த அணுதான் சேரும். நிறைய பேர் 'சேர்த்து வைத்தால் பலம்' என்று தப்பாக நினைக்கிறார்கள்.

மன்னை_கணக்கு_வாத்தியார்:
30-க்கு மேலே இருந்தாலும் சிப்பால் குழந்தை கூடும் என்று நிரூபணம் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லேப்காரி_திருச்சி:
சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் படித்தவர், முடிவு அவருடையது.

குடந்தைவாசி:
இது அவர் மனைவி எழுதுவது. எல்லாவற்றையும் படித்தேன். முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் எனக்கு 2.8, டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். மூன்று மாதம் தள்ளினால் எனக்கு நஷ்டமா? அதை மட்டும் சொல்லுங்கள், இத்தனை நாளில் யாருமே என்னிடம் இதைச் சொல்லவில்லை.

லேப்காரி_திருச்சி:
இந்த அளவுக்கு, உங்கள் வயதுக்கு, மூன்று மாதத்தால் பெரிய இழப்பு இல்லை அம்மா. ஒரு வருடம் தள்ளுவதுதான் வேறு பேச்சு. உங்கள் டாக்டரிடமும் இதே கேள்வியை நேராகக் கேளுங்கள்.

குடந்தைவாசி:
சரி. தஞ்சாவூரில் ஆண்களைப் பார்க்கிற யூராலஜி டாக்டர் ஒருவரிடம் புதன்கிழமைக்கு டோக்கன் போட்டுவிட்டேன், என் கணவர் பெயரில். டிஎஃப்ஐ அதற்கப்புறம்.

தஞ்சை_ராதா:
மூன்று மாத சுகர் சராசரி எடுத்துக் கையில் கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான். பழைய இக்சியில் எத்தனை முட்டை கருவானது, எத்தனாவது நாளில் வைத்தார்கள் என்ற காகிதத்தையும் அந்த சென்டரில் கேட்டு வாங்கிவிடுங்கள். தரமாட்டேன் என்றால் விடாதீர்கள்.