'ஃபர்ஸ்ட்' முத்திரையுள்ள போமன் அட்டை, ரூக்கி அட்டையாகுமா?

கேள்வி:
இந்தக் கோடையில் வட கரோலினாவின் டர்ஹம் புல்ஸ் பேஸ்பால் அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களை மைதானத்திலேயே பார்த்தேன். ஒருநாள் ஆட்டத்திற்கு முன் தடுப்பு வேலியோரம் காத்திருந்து, இளம் பந்துவீச்சாளர் ஒருவரிடம் 'ஃபர்ஸ்ட்' முத்திரையுள்ள அவருடைய போமன் அட்டையில் (வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை வரிசை ஒன்று) கையெழுத்து வாங்கி உடனே உறையில் நுழைத்தபோது, நீல மை இழுபட்டுக் கடைசி எழுத்துக்கு வால் முளைத்துவிட்டது. இதை ரூக்கி அட்டை (பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் புதிதாக நுழைந்தவரின் அட்டை) எனக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ள முடியாது. போமன் வரிசையில் இது அவருடைய முதல் அட்டை என்பதையே அம்முத்திரை குறிக்கிறது. ரூக்கி அட்டைகளுக்கென 2006 முதல் தனிச் சின்னம் அச்சிடப்படுகிறது. மேஜர் லீக் அணியில் இடம்பெற்ற வீரருக்கே அது உரியது. ஆயினும் சேகரிப்பாளர் பலர் ரூக்கி அட்டையைவிட இதையே விரும்பித் தேடுகிறார்கள் (எனக்கு இது சற்று விசித்திரமாகவே படுகிறது). டர்ஹம் அணி டிரிபிள்-ஏ நிலையில், அதாவது டாம்பா பே ரேஸ் என்னும் மேஜர் லீக் அணிக்கு ஒரே படி கீழே இருப்பதால், அவருக்கு ரூக்கி அட்டை வருமா எனப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

மறுமொழி 2:
பளபளப்பான அட்டையில் மை ஊறாமல் மேலேயே நிற்கும். அடுத்த முறை சில நிமிடங்கள் உலரவிட்டு உறையிலிடுங்கள். இப்போதுள்ள கறையைத் துடைக்க முயலாதீர்கள். எஞ்சிய எழுத்துகளும் கலைந்துவிடும்.