'பிளாக் டைம்' என்பதற்குத் தரிப்பிடை நேரம்

அன்புடையீர், வணக்கம்.

விமானப் பயணத்தில் வழங்கும் 'ஏர் டிஸ்டன்ஸ்' (இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வானவழித் தொலைவு), 'ஃபிளைட் டைம்' ஆகிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் வான்தொலைவு, பறப்பு நேரம் என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அவற்றுள் முதற்சொல் எனக்கு முழு உடன்பாடு. புவிப்பரப்பில் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் (புவியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின்) வில் என்பதால், துல்லியம் வேண்டுமிடத்தில் பெருவட்டத் தொலைவு என்றும் எழுதலாம். நேர்கோட்டுத் தொலைவு மட்டும் வேண்டாம். நேர்கோடு புவியைத் துளைத்துக்கொண்டல்லவா போகும்!

சிக்கல் நேரத்தில்தான். சென்னை மீனம்பாக்கமும் யாழ்ப்பாணத்துப் பலாலியும் ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் (தீர்க்கரேகையில்) உள்ளன. அகலாங்கில் (அட்சரேகையில்) சுமார் 3.2 பாகை வேறுபாடு. பாகைக்கு 111 கி.மீ. என்று கொண்டால் வான்தொலைவு 355 கி.மீ. ஆகிறது. 2019 நவம்பரில் இத்தடத்தில் சேவையைத் தொடங்கிய ஏடிஆர் 72 வகை விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லக்கூடியது, வகுத்தால் முக்கால் மணிநேரம்கூட வராது. ஆனால் கால அட்டவணையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மெல்ல மேலேறுவது, இறங்குவதற்கு வளைந்து வருவது, மீண்டும் ஊர்ந்து நிற்குமிடத்துக்கு வந்து சேர்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதுவே 'பிளாக் டைம்'.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் வரையறைப்படி, மேலெழும் நோக்குடன் விமானம் முதலில் அசையும் கணத்திலிருந்து பயணம் முடிந்து ஓய்ந்து நிற்கும் கணம்வரை உள்ளது முழுவதும் 'ஃபிளைட் டைம்' தான். தரையில் ஊரும் நேரத்தையும் சேர்த்துப் பறப்பு நேரம் என்பது தமிழில் பொருந்தாது. ஆகவே சக்கரம் தரையை விட்டு மீண்டும் தரையைத் தொடும்வரை உள்ள நேரத்துக்கு மட்டும் பறப்பு நேரம் என்ற சொல்லை ஒதுக்கிவிடலாம்.

தரையில் ஊர்வதையும் சேர்த்த 'பிளாக் டைம்' என்பதற்கு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை ('பிளாக்') நினைத்துக் 'கட்டை நேரம்' என ஒரு நண்பர் கூறியுள்ளார். அதை அறிவிப்புப் பலகையில் கண்டால் நம்மவர் எவரும் விமானம் ஏறத் துணியமாட்டார். 'கட்டையில் போக' என்ற வசவு இன்னும் வழக்கில் இருக்கிறது. ஈழத்தில் வாகனத் தரிப்பிடம் (நிறுத்துமிடம்) அன்றாடச் சொல். இரண்டு தரிப்புகளுக்கு இடைப்பட்டது என்ற பொருளில் தரிப்பிடை நேரம் என்பது என் பரிந்துரை. சென்னையிலிருந்து இலண்டன் செல்லும்போது எதிர்க்காற்றினால் தரிப்பிடை நேரம் கூடுகிறது, திரும்பும்போது குறைகிறது, வான்தொலைவு மாறுவதில்லை என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வருகிறது.

வழியில் வேறொரு நிலையத்தில் தங்கிச் செல்வதை இடைத்தரிப்பு என்போர் உண்டு. இரண்டும் குழம்பும் எனக் கருதுவோர், இடைத்தரிப்புக்குப் பதிலாக வழித்தங்கல் என்ற சொல் போதுமா என்று கூறவும்.